உலோகமும் களைப்படையும்

வண்டியில் ஏற்றப்படுவது மயிலிறகே யாயினும், அளவு மிகுந்தால் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் அறிவுறுத்தினார். பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மனிதன் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தான் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும், அளவு மீறாத பாரத்தைச் சுமந்துவரும் அச்சும் ஒருநாள் தானாக முறியக்கூடும் என்னும் வேறோர் உண்மை மனிதனுக்கு மிகப் பிந்தியே விளங்கிற்று. அவ்வுண்மை புகையிரதத்தின் இருப்புப் பாதையில் முதலிலும், ஆகாய விமானத்தின் சிறகில் பின்னரும் வெளிப்பட்டது. ஆகாயத்தில் அதனைக் கற்பித்தவற்றுள் முக்கியமானவை, இரண்டு எஞ்சின்கள் பூட்டிய சிறு பிரயாணி விமானங்களாகும். பலரது உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம் அது.

இரண்டு எஞ்சின் வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததற்குக் காரணம் எளிது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், இறங்குவதற்கு ஒரு வெளியைத் தேடுவதைத் தவிர விமானிக்கு வேறு வழியில்லை. இரண்டு இருந்தால் ஒன்று பழுதுற்றபோதும் மற்றொன்று கைகொடுக்கும் என்று மக்கள் நம்பினர். 1934ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டி ஹவிலண்ட் கம்பெனியார் ‘டிராகன் ரப்பீட்’ என்னும் இரட்டைத் தட்டுச் சிறகு விமானத்தைப் பறக்கவிட்டனர். மரத்தாலும் துணியாலும் ஆகிய அவ்விமானம் உலகின் பல பாகங்களிலும் சேவை செய்தது. 1937ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘பீச்கிராஃப்ட் 18’ முதன்முறை பறந்தது. முழுவதும் உலோகத்தாலான அந்த விமானம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்டது; அவ்வினத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை உருவாகின. இவ்வாறு, பெருநகரங்களை இணைக்கும் பெரிய விமானங்கள் செல்லாத சிற்றூர்களுக்கெல்லாம் சிறு இரட்டை எஞ்சின் விமானங்கள் போக்குவரத்து வாயிலைத் திறந்தன.

இவ்விமானங்களுக்கு மூன்று வகையான எல்லைகள் உண்டு. முதலாவது, அடக்கியாளும் ஆற்றலின் எல்லை. இரண்டாவது, பாரத்தின் எல்லை. மூன்றாவது, காலத்தின் எல்லை. முதலிரண்டும் விமானிகளும் பொறியியலாளரும் ஓரளவு எதிர்பார்த்தவை. மூன்றாவதோ ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது நெடுங்காலம் மறைந்திருந்தது.

அடக்கியாளும் ஆற்றலின் எல்லையை விளங்கிக்கொள்ள இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பார்த்தல் போதும். நுகத்தில் பூட்டிய இரு காளைகளுள் ஒன்று திடீரென நின்றுவிட்டால், மற்றைய காளை இழுக்கும் வேகத்தில் வண்டி நின்ற காளையின் பக்கமாகத் திரும்பும். விமானமும் அவ்வாறே. ஒரு பக்கத்து எஞ்சின் நின்றால் மறுபக்கத்து எஞ்சின் விமானத்தைச் சுழற்ற முயலும். அதனைத் தடுத்து நேராகச் செலுத்துவது வாலிலுள்ள சுக்கான். சுக்கானுக்கு வலிமை தருவதோ அதன்மீது மோதிச் செல்லும் காற்று. விமானத்தின் வேகம் குறையுமாயின் காற்றின் விசை குறையும். விசை குறையுமாயின் சுக்கான் தோற்றுவிடும். ஆகவே, ஒற்றை எஞ்சினுடன் விமானத்தை நேராகச் செலுத்தக்கூடிய மிகக் குறைந்த வேகம் ஒன்று ஒவ்வோர் இரட்டை எஞ்சின் விமானத்துக்கும் உண்டு. பிற்காலத்துச் சிறு விமானங்களின் வேகமானியில் அவ்வெல்லை ஒரு சிவப்புக் கோட்டாற் குறிக்கப்படலாயிற்று. ஒற்றை எஞ்சினுடன் மிக நன்றாக மேலேறும் வேகத்தை நீலக் கோடு காட்டுகின்றது. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையேயுள்ள சிறிய இடைவெளியிலேதான் ஆபத்து வேளையில் விமானியின் உயிரும் பிரயாணிகளின் உயிரும் தங்கியுள்ளன.

இரண்டாம் எஞ்சினைப்பற்றிப் பொதுமக்கள் கொண்டிருந்த நம்பிக்கையை உயர்த்திய சம்பவம் ஒன்று 1950ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அமெரிக்காவில் ‘ஏரோ கொமாண்டர்’ என்னும் புதிய விமானத்தை உருவாக்கியோர், அதன் இரண்டு சுழல்விசிறிகளுள் ஒன்றைக் கழற்றி விமானத்தின் உள்ளே வைத்துக் கட்டிவிட்டு, ஒற்றை எஞ்சினுடனேயே ஒக்லஹோமா மாநிலத்திலிருந்து தலைநகர் வாஷிங்டன்வரை பறந்து சென்றனர். அரசாங்க அதிகாரிகளுக்கு விமானத்தின் ஆற்றலைக் காட்டுவதே அவர்கள் நோக்கம். பத்திரிகைகள் இச்செய்தியை நாடெங்கும் பரப்பின. செயற்கரிய செயல்தான், ஐயமில்லை. ஆயின், அது முன்னரே ஆயத்தஞ் செய்துகொண்டு ஆற்றிய செயல். எஞ்சின் நிற்பது எதிர்பாராத கணத்தில், தரையை விட்டு எழும்பும் தறுவாயில் நிகழ்ந்தால் நிலைமை வேறு. இரண்டு எஞ்சின்களுள் ஒன்று போனால் ஆற்றலிற் பாதி போயிற்று என்றே பலரும் கணக்கிடுவர். மேலேறும் திறனைப் பொறுத்தவரையில் இக்கணக்குத் தவறு. எஞ்சினின் ஆற்றலிற் பெரும்பகுதி விமானத்தைச் சம உயரத்தில் வைத்திருக்கவே செலவாகின்றது. அதற்குமேல் எஞ்சுவதே மேலேறுவதற்கு உதவுவது. எனவே, ஓர் எஞ்சின் நின்றதும் மேலேறும் திறனில் ஐந்தில் நான்கு பங்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் அழிந்துவிடுகின்றது.

அமெரிக்கச் சட்ட விதிகளும் இதனை மறைமுகமாக ஏற்றுக்கொண்டன. 6,000 இறாத்தலுக்கு மேற்படாத நிறையும், மணிக்கு ஏறக்குறைய 70 மைலுக்கு மேற்படாத வேகத்தில் இறங்கும் தன்மையும் உடைய சிறு இரட்டை எஞ்சின் விமானம், ஒற்றை எஞ்சினுடன் மேலேறியே தீரவேண்டும் என்று அவ்விதிகள் வற்புறுத்தவில்லை. ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதைச் சோதித்து அளந்து கூறினாற் போதுமானது. இரண்டாம் எஞ்சின் எந்நிலையிலும் காப்பாற்றும் என்று எண்ணியிருந்த உரிமையாளர் பலருக்கு இவ்விதி தெரிந்திருக்கவில்லை. 1960களில் ‘ட்வின் கொமான்ச்சி’ என்னும் சிறு விமானத்திற் பயிற்சி பெற்றோர் சிலர், ஓர் எஞ்சினை வேண்டுமென்றே குறைத்து, வேகத்தையும் குறைத்து, எல்லை எங்கே உள்ளது என்று காணும் பயிற்சியிலேயே விமானம் சுழன்று வீழ மாண்டனர். எல்லையை அறிவதற்காகச் சென்றவர்கள் எல்லையைக் கடந்துவிட்டனர். அதன் பின்னர், குறைந்தபட்ச வேகத்தின் அளவு உயர்த்தப்பட்டது; பயிற்சி முறைகளும் திருத்தப்பட்டன. 1970ஆம் ஆண்டில் இரு சுழல்விசிறிகளும் எதிரெதிர்த் திசையிற் சுழலும் புதிய அமைப்பும் அவ்விமானத்துக்கு வந்தது.

இனி, பாரத்தின் எல்லை. நேராகவும் சமமாகவும் பறக்கும்போது சிறகு தாங்குவது விமானத்தின் நிறையை மட்டுமே. அறுபது பாகை சாய்ந்து திரும்பும்போது அதுவே இருமடங்காகின்றது. திடீரென வீசும் மேல்நோக்கிய காற்றும், விரைவாக மூக்கை உயர்த்தும் விமானியின் கையும் அதனை மேலும் பெருக்கும். சாதாரண வகுப்பைச் சேர்ந்த சிறு விமானத்தின் சிறகு, அதன் நிறையின் 3.8 மடங்கு வரையிலான சுமையை நிலையான சேதமின்றித் தாங்கவேண்டும் என்று அமெரிக்க விதி வகுத்தது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு வரை முறியாதிருத்தல் வேண்டும். அந்த ஒன்றரை மடங்கு என்னும் எண் பொறியியலாளர் இட்ட வேலி. ஆயின், வேலி இருக்கின்றது என்பதற்காக அளவுக்கு மேல் ஏற்றுவோர் அவ்வேலியைத் தாமே வெட்டுகின்றனர். மற்றொரு நுட்பமும் ஈண்டு அறியத்தக்கது. ஒரே நிறையாயினும் அஃது எங்கே வைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்துச் சிறகின் வேர் படும் துன்பம் வேறுபடும். உடலில் ஏற்றிய பாரம் சிறகை மேல்நோக்கி வளைக்கும். சிறகினுள் ஏற்றிய எரிபொருளோ அவ்வளைவைக் கீழ்நோக்கி அழுத்தித் தணிக்கும். அதனாலேதான் எரிபொருள் நீங்கலாக விமானம் எவ்வளவு நிறை கொள்ளலாம் என்பதும் பல விமானங்களுக்குத் தனியாக வரையறுக்கப்படுகின்றது.

இவ்விரு எல்லைகளும் மதிக்கப்பட்ட விமானம் அழிவற்றது என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. இக்கருத்தைத் தகர்த்தது மூன்றாவது எல்லை.

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பது தமிழர் வாய்மொழி. சிறிய சுமையாயினும் அது பல இலட்சம் முறை ஏறி இறங்கினால் உலோகத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றும். ஆணித்துளையின் விளிம்பிலோ, கூரிய மூலையிலோ, உருக்கி ஒட்டிய இடத்திலோ அது பிறக்கும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் சிறிது சிறிதாக வளரும். எஞ்சிய உலோகம் வழக்கமான சுமையையே தாங்கமாட்டாத நாள் வந்ததும், முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். இதனைப் பொறியியலாளர் ‘உலோகக் களைப்பு’ என்பர். 1842ஆம் ஆண்டு பிரான்சிலே வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குச் சென்ற புகையிரதத்தின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது அறிஞர் கவனம் இத்துறையின்பாற் சென்றது. பின்னர் பிரஷ்யப் புகையிரதப் பகுதியைச் சேர்ந்த ஒகஸ்ட் வோலர் என்பார், அச்சுக்களைச் சுழற்றிச் சுழற்றிப் பல ஆண்டுகள் சோதனை செய்து, சுமை குறைந்தால் ஆயுள் நீளும், சுமை கூடினால் ஆயுள் குறுகும் என்னும் விதியை நிலைநாட்டினார். ஆயினும், விமானங்களைப் பொறுத்தவரையில் இவ்விதி நெடுநாள் அவ்வளவாகப் பொருட்படுத்தப்படவில்லை. முதற்காலத்து விமானங்கள் பல ஆயிரம் மணிநேரம் பறக்கும் முன்னரே பழையனவாகிக் கழிக்கப்பட்டன. மேலும், அவற்றிற் பல மரத்தாலானவை; மரம் இந்நோய்க்கு எளிதில் ஆளாவதில்லை. இரட்டைத் தட்டுச் சிறகுகளிற் கம்பிகளும் தூண்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. உலோகத்தாலான ஒற்றைத் தட்டுச் சிறகு வந்தபோது, சுமை முழுவதும் சிறகின் வேரிலுள்ள ஓரிரு சட்டங்களின்மீது வந்து குவிந்தது.

1945ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் தேதி, அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரிலிருந்து புறப்பட்ட ‘ஸ்ரின்சன்’ விமானம் ஒன்று சிறிது நேரத்தில் ஆகாயத்திலேயே இடது சிறகை இழந்து வீழ்ந்தது. அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தனர். முதலில் மூன்று எஞ்சின்களுடன் அமெரிக்காவில் செய்யப்பட்டு, யுத்த காலத்தில் வலிமை கூடிய இரண்டு எஞ்சின்கள் பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட விமானம் அது. பத்தாயிரம் மணிநேரத்துக்கும் மேல் அது பறந்திருந்தது. முறிந்த உலோகத்தைப் பரிசோதித்தவர்கள், பழைய வெடிப்பு ஒன்று நெடுநாளாக வளர்ந்து வந்ததைக் கண்டனர். களைப்பினால் முறிந்த உலோகத்தின் முகம் தனித்தன்மை வாய்ந்தது. கடற்கரை மணலில் அலைகள் விட்டுச்செல்லும் கோடுகளைப்போல, வெடிப்பு வளர்ந்த பகுதியில் வரிவரியாகத் தடங்கள் காணப்படும். இறுதியில் முறிந்த பகுதி மட்டும் கரடுமுரடாக இருக்கும். இறந்தோர் பேசார், உலோகம் பேசிற்று.

அவுஸ்திரேலிய அறிஞர் இச்செய்தியை அலட்சியம் செய்யவில்லை. 1946ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் உலோகக் களைப்பைப்பற்றி ஒரு மாநாடு கூடிற்று. மெல்பேணிலுள்ள விமான ஆராய்ச்சிக்கூடத்தில், யுத்தத்தின் பின் மிஞ்சியிருந்த ‘மஸ்டாங்’ போர் விமானங்களின் சிறகுகள் இருநூறுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக இயந்திரத்திற் பூட்டி, முறியும் வரை ஆட்டிச் சோதித்தனர். ஒரே சாலையிற் செய்த ஒரே வகைச் சிறகுகளும் ஒரே நாளில் முறிவதில்லை. சில விரைவாகவும் சில மெதுவாகவும் முறிகின்றன என்பது அச்சோதனைகளாற் புலனாயிற்று. ஆகவே, சராசரி ஆயுளை நம்பியிருத்தல் ஆகாது. மிகவும் பலவீனமானதை மனத்திற்கொண்டே எல்லை வகுக்கவேண்டும் என்னும் கொள்கை உறுதிப்பட்டது. இக்காலத்திலேயே, முன்னர் விமானப் பொறியியலாளராகத் தொழில் புரிந்த நெவில் ஷூட் என்னும் ஆங்கில எழுத்தாளர், வால் களைப்புற்று முறியப்போகும் ஒரு விமானத்தைப்பற்றி 1948இல் நாவல் ஒன்றும் எழுதினார்.

அந்த நாவல் வெளிவந்த மூன்றாம் ஆண்டிலே கதை மெய்யாயிற்று. 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி, டி ஹவிலண்ட் கம்பெனி தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், ‘டவ்’ என்னும் விமானம் முதன்முறை பறந்தது. டவ் என்றால் புறா. யுத்தத்திற்குப் பின் பிரித்தானியாவுக்கு எத்தகைய பிரயாணி விமானங்கள் வேண்டும் என்று ஆராய்ந்த பிரபசன் குழுவின் விதந்துரைப்பின்படி, பழைய ரப்பீடின் இடத்தை நிரப்புவதற்காக அது உருவாயிற்று. எட்டுப் பேர் முதல் பதினொருவர் வரை ஏறக்கூடிய அழகிய உலோகப் புறா அது. ஐந்நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவை செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அன்று இலங்கை வேந்து விமானப் படை எனப் பெயர் பெற்றிருந்த நம் நாட்டுப் படையும் 1950களில் டவ் விமானங்களைப் பெற்றுச் சேவையில் ஈடுபடுத்திற்று.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் தேதி மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து தங்கச் சுரங்க நகராகிய கல்கூர்லிக்குச் சென்ற டவ் விமானம் ஒன்று, பயணம் முடியுமுன் சிறகு முறிந்து வீழ்ந்தது. எழுவர் சென்றனர், எழுவரும் மாண்டனர். விமானி தவறு செய்யவில்லை. பாரமும் காரணமன்று. பல ஆயிரம் மணிநேரம் உழைத்த சிறகின் பிரதான சட்டத்தில் களைப்பு வெடிப்பு வளர்ந்திருந்தது என்பதே விசாரணையிற் கண்ட உண்மை. இத்தகைய சிறு விமானங்களுக்கு இந்நோய் விரைவில் வருவதற்குக் காரணமும் உண்டு. அவை குறுந்தூரப் பயணங்களைச் செய்பவை. ஆதலின் ஒரு நாளிலேயே பலமுறை எழுந்து பலமுறை இறங்குகின்றன. பிரயாணிகளின் மூச்சுக்கு வேண்டிய காற்றழுத்த வசதி இல்லாமையால் உயரே செல்லாது தாழ்ந்து பறக்கின்றன. தாழ்ந்த ஆகாயத்திலோ, வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று விமானத்தை ஓயாது குலுக்குகின்றது. ஒவ்வொரு குலுக்கலும் சிறகின் வேருக்கு ஓர் எறும்பின் அடி.

மூன்று ஆண்டுகளின் பின், 1954இல், அதே கம்பெனியார் உருவாக்கிய ‘கொமெட்’ என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடற்பகுதியில் அடுத்தடுத்து உடைந்து வீழ்ந்தன; உலோகக் களைப்பு என்ற சொல் உலகம் முழுவதும் பரவிற்று. ஆயினும், அதன் பெயரைப் பொதுமக்கள் கேள்விப்படுமுன்னரே, இரண்டு எஞ்சின் விமானத்தின் சிறகில் அஃது எழுதிவைத்திருந்த செய்தியை அவுஸ்திரேலியர் வாசித்திருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சிறகின் சட்டங்களுக்கும் இணைப்புக்களுக்கும் மணிக்கணக்கில் ஆயுள் விதித்து, அவ்வாயுள் முடிந்ததும் பார்வைக்கு நன்றாயிருப்பினும் கழற்றி எறியும் வழக்கம் இவற்றின் பின்னரே வேரூன்றிற்று.

பாடம் கற்றாயிற்று; இனித் துன்பமில்லை என்று கூற இயலுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1971ஆம் ஆண்டு மே 6ஆந் தேதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், உடலை நீட்டிப் புதிய எஞ்சின்கள் பூட்டி மாற்றப்பட்டிருந்த டவ் விமானம் ஒன்று வலச் சிறகை இழந்து வீழ்ந்தது. பன்னிருவர் இறந்தனர். கல்கூர்லியின் பின் இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. காரணமோ அதே களைப்பு வெடிப்பு. 1970களில் பீச்கிராஃப்ட் 18 விமானங்களின் சட்டங்களை ஊடுகதிர்ப் படம் பிடித்துச் சோதிக்கவும், வலிமை தரும் பட்டைகளைப் பூட்டவும் அமெரிக்க அரசாங்கம் கட்டளையிட்டது. 2005ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் தேதி, மயாமி நகரிலிருந்து புறப்பட்ட ‘மல்லார்ட்’ என்னும் இரட்டை எஞ்சின் நீர்நில விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் வலச் சிறகை இழந்தது. இருபது பேர் உயிரிழந்தனர். அவ்விமானத்தின் வயது அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. வெடிப்புக்கள் உரிய முறையிற் கண்டறியப்படவுமில்லை. செம்மையாகப் பழுதுபார்க்கப்படவுமில்லை என்று விசாரணைச் சபை தீர்ப்புரைத்தது.

இம்மூன்று எல்லைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். பாரம் மிகுந்தால் விமானம் ஓடும்போதே சோம்பல் காட்டும். வேகம் குறைந்தால் சுக்கான் தளர்வதை விமானியின் காலே உணரும். இவ்விரண்டும் வாய்விட்டு எச்சரிக்கும் எல்லைகள். காலத்தின் எல்லையோ எச்சரிப்பதில்லை. நேற்றுப் பறந்தது, இன்றும் பறக்கும் என்ற எண்ணத்தை வளர்ப்பதே அதன் கொடுமை. இதுவரை முறியவில்லை என்பது உறுதிக்குச் சான்று என்று மனிதன் எண்ணினான். இதுவரை உழைத்தது என்பதே களைப்புக்குக் காரணம் என்று உலோகம் விடை கூறிற்று.

ஆகவே, சிறு விமானம் ஒன்றன் பக்கத்தில் நின்று சிறகின் வேரில் விளக்கைப் பிடித்துத் துளைதுளையாக ஆராயும் தொழிலாளியின் செயல், வானிற் செலுத்தும் விமானியின் செயலுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. அவன் கையிலுள்ள குறிப்பேட்டில் எழுதப்படும் மணிக்கணக்கு, மெல்பேணிலும் கல்கூர்லியிலும் மாண்ட பதினேழு பேர் பின்வந்தோருக்கு விட்டுச்சென்ற முதுசொம் ஆகும். அக்கணக்கைப் பொய்யின்றி எழுதுதலும், கணக்கு முடிந்த சட்டத்தைத் தயக்கமின்றிக் கழற்றுதலுமே அவர்களுக்குச் செய்யும் நன்றிக்கடன்.